பழைய மாருதி 800 பிக்கப் எடுக்காமல் முக்குகிறதா? காரணம் தேடுவதிலிருந்து டியூனிங் வரை, வரிசைப்படி

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி முக்கிவிட்டுப் பிறகுதான் கிளம்புகிறது. அல்லது மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது விட்டு விட்டு இழுக்கிறது. கார்புரேட்டர் வைத்த மாருதி 800இல் இந்தக் குறை வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். மிக்சர் ஸ்க்ரூ (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது, திருகினால் உடனே சத்தமும் மாறுகிறது. ஏதோ சரியானது போலவும் தோன்றுகிறது.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். பாயிண்டில் (திறந்து மூடி, பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிறு தொடுமுனை) இருந்த குறையை மறைக்க மிக்சரைக் கூட்டி வைத்தால், பிறகு பாயிண்டைச் சரி செய்தாலும் வண்டி சரியாகாது. ஒரு குறை இருந்த இடத்தில் இப்போது இரண்டு. ஆகவே இந்த வழிகாட்டியில் கார்புரேட்டர் கடைசியில்தான் வரும். இன்ஜினின் உடம்பு, பிறகு நெருப்பு (இக்னிஷன்), பிறகு காற்றுக் கசிவு, பிறகு பெட்ரோல் வரத்து, அதற்கும் பிறகே கார்புரேட்டர். ஒவ்வொன்றின் அளவும் அதற்கு முந்தையது சரியாக இருப்பதை நம்பித்தான் வைக்கப்படுகிறது.

இங்கே சொல்வது 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் இன்ஜினுக்கு. எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிக்குத் தேடும் முறையே வேறு. பிரீமியர் பத்மினி, அம்பாசடர் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுவேதான். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் தகடுகள்), மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயர், கம்ப்ரஷன் கேஜ், டைமிங் லைட் (பிளக் பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கு). கடைசி இரண்டும் இல்லாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம். வாக்குவம் கேஜ் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சோம்பலாகச் சுற்றினால் கம்ப்ரஷன் ரீடிங்கும் பொய் சொல்லும், ஸ்பார்க்கும் மெலிந்து தெரியும். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர்களைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். இதிலேயே குறை பாதி தீர்ந்த வண்டிகள் உண்டு.

தீயணைப்பான் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸைக் கழற்றும் வேலையையும் ஸ்பார்க் பார்க்கும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கூடவே ஒரு நோட்டும் பேனாவும். எதைக் கழற்றினாலும், திருகினாலும் முன்பு எப்படி இருந்தது என்று எழுதிவிட்டுத் தொடுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அதிகம் தடுமாறுவது கருவி இல்லாததால் அல்ல. ஒரே நாளில் நான்கு பொருளை மாற்றிவிட்டு, எது குறையைத் தீர்த்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று தெரியாமல் நிற்பதால்தான்.

2. குறை எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் எதையும் பிடிக்க முடியாது. எந்த கியர், என்ன வேகம், இன்ஜின் சூடா குளிரா, பெடலை மிதித்த கணத்திலா, மிதித்துப் பிடித்திருக்கும்போதா? பழக்கமான ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

பெடலை மிதித்த கணத்தில் மட்டும் ஒரு தொய்வு, பிறகு நன்றாக ஓடுகிறது என்றால் ஆக்சிலரேட்டர் பம்ப் (பெடலை மிதித்ததும் கார்புரேட்டருக்குள் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சுவது), காற்றுக் கசிவு, வாக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சும் சக்தியால் பொறியை முன்கூட்டியே வர வைக்கும் அமைப்பு), பின்தங்கிய டைமிங் (பொறி தாமதமாக வருவது) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

மேட்டில், உயர் கியரில், நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது வெட்டி வெட்டி இழுத்தால் பிளக், பிளக் வயர், காயில் (பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கான உயர் வோல்டேஜாக மாற்றுவது). சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியில் பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படும். நலிந்த காயில் ஐட்லிங்கில் (பெடலை மிதிக்காமல் நின்று ஓடும்போது) சமாளித்துவிட்டு லோடில் கைவிடும்.

நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் போன பிறகு சக்தி வடிந்து, பெடலை விட்டு மெதுவாகப் போனால் மறுபடி சரியாகிறது என்றால் அது பெட்ரோல் பற்றாக்குறை. கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்புவதைவிட வேகமாகக் காலியாகிறது.

குளிரில் மட்டும் என்றால் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு). சூட்டில் மட்டும் என்றால் காயில், கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சிறு உருளை) அல்லது பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பு. சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது வரும் திணறல் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை.

3. இன்ஜினைத் தொடும் முன் விலக்க வேண்டியவை

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் நியூட்ரலில் கையால் தள்ளினால் வண்டி லேசாக உருள வேண்டும். உருளாவிட்டால் ஏதோ ஒரு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு வீலின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தணலாக இருந்தால் காரணம் அங்கே.

அடுத்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்து இன்ஜின் ஓடாத நிலையில் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டரின் திராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா? கேபிள் தளர்ந்தோ, தடித்த தரை மேட் தடுத்தோ முக்கால் திறப்போடு நின்றுபோன வண்டிகளுக்கு இன்ஜின் ஓவர்ஹால் வரை பரிந்துரை செய்யப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

4. இன்ஜினின் உடம்பு: டேப்பட், கம்ப்ரஷன்

டேப்பட் (வால்வு இடைவெளி) முதலில். வால்வு இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசியும். அதனால் டேப்பட் சரி செய்யாமல் எடுத்த கம்ப்ரஷன் ரீடிங்கை நம்ப முடியாது. மேனுவலில் குளிர்ந்த இன்ஜினுக்கு ஒன்று, சூடான இன்ஜினுக்கு ஒன்று என இரண்டு அளவுகள் இருக்கும். சூட்டு அளவைக் குளிர்ந்த இன்ஜினில் வைப்பது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் செய்பவர்களுக்கு இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில், குளிர் அளவில் வைப்பதே நல்லது. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று இறுக்கி வைக்காதீர்கள். லேசான டிக் டிக் சத்தத்தோடு ஓடும் வால்வு நெடுநாள் உழைக்கும். இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும்.

பிறகு கம்ப்ரஷன். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலுக்கு வரும் மெல்லிய வயரைப் பிரித்து வையுங்கள். பெடலை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காமல் அடித்தால் சிலிண்டருக்குள் காற்றே போகாது. நல்ல இன்ஜினும் செத்த ரீடிங் காட்டும்.

மூன்று சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் சுமார் 10 சதவீதத்துக்குள் இருந்தால் மேலே போகலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ரீடிங் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த நிலையில் டியூனிங்குக்குச் செலவழிக்க வேண்டாம். பிளக்கும் பாயிண்டும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. மூன்றுமே ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம், மார்க்குகளைச் சரிபாருங்கள்.

5. இக்னிஷன்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையில் ஒரு தாளில் வையுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெளுப்பு என்றால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று கசிகிறது. ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் குறை அந்தச் சிலிண்டரில். மூன்றும் ஒரே நிறமென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில். வீட்டு வாசலில் கால் மணி நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கழற்றிய பிளக் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாலையில் நன்றாக இழுக்க வைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆறியபின் கழற்றினால்தான் உண்மை நிறம் தெரியும்.

பாயிண்ட் வைத்த வண்டியில் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. புதிய பிளக்கையும் அளந்துதான் போட வேண்டும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி வரும் வரிசை) 1-3-2 என்பதில் இரண்டு வயர் இடம் மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் திருப்பி அடிக்கும். மல்டிமீட்டரில் மூன்று வயரையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு காட்டினால் அது போய்விட்டது.

இருட்டிய பிறகு ஒரு சோதனை. பானட்டைத் திறந்து, லைட் இல்லாமல், இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். வயரிலிருந்து ஹெட்டுக்கோ, டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) கேப்பின் மேலோ நீலப் பொறி தாவினால் கசிவு அங்கேதான். கேப்பைக் கழற்றி உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். மயிரிழை போலக் கறுத்த கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் கேப்பை மாற்றியாக வேண்டும், சுரண்டிப் பயனில்லை.

இனி பாயிண்ட். பிந்தைய வண்டிகளில் பாயிண்டுக்குப் பதில் இக்னைட்டர் (அதே வேலையைச் செய்யும் மின்னணுப் பாகம்) இருக்கும். அந்த வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருக்கும். அந்த மேட்டின் மேல் ஃபீலர் கேஜை வைத்தால் 0.4 காட்டும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். ஆகவே குழி விழுந்த பாயிண்டை அளந்து வைப்பதில் அர்த்தமில்லை, மாற்றுங்கள். புதியதை, கேமின் (டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் சுழன்று பாயிண்டைத் திறக்கும் மேடு) உச்சி பாயிண்டின் குதிகாலைத் தொடும் நிலையில், 0.4 முதல் 0.5 மி.மீ.க்கு வையுங்கள். ஃபீலர் கேஜில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அது பாயிண்டில் தங்கிக் கருகும். வைத்து முடித்ததும் சுத்தமான காகிதத்தை இடையில் விட்டு இழுத்துவிடுங்கள். கேமில் மெல்லிய கோடாக கிரீஸ் தடவுங்கள். அதிகமானால் அது தெறித்து பாயிண்டில் விழும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. இடைவெளியை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ஓடும்போது அது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு விதமாக மாறும்.

இப்போது, பலர் பார்க்காமல் விடும் இடம். வாக்குவம் அட்வான்ஸ் ஹோஸை கார்புரேட்டர் பக்கம் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹோஸை வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் பொருத்திய தகடு நகர வேண்டும். உறிஞ்சி நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்கவும் வேண்டும். நகரவில்லை அல்லது நழுவித் திரும்பினால் டயஃப்ரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது. அட்வான்ஸும் கிடைக்காது, அந்த வழியாகக் காற்றும் கசியும்.

தகடு நகரும்போது பாயிண்டுக்குப் போகும் சிறு வயரைக் கவனியுங்கள். தகடு அசையும் ஒவ்வொரு முறையும் அது மடிந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடிந்து மடிந்து, மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து ஓரிரு இழை மட்டும் மிஞ்சியிருக்கும். ஐட்லிங்கில் தகடு அசையாது, இழைகள் ஒட்டியிருக்கும், இன்ஜின் நன்றாக ஓடும். பெடலை மிதித்ததும் தகடு நகர்கிறது, இழைகள் விலகுகின்றன, ஒரு கணம் நெருப்பு இல்லை. அச்சு அசலாக ஆக்சிலரேட்டர் பம்ப் குறை போலவே தெரியும். வயரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து, தகட்டை அசைத்தபடி ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். எண் தாவினால் அதுதான் காரணம். தகட்டை டிஸ்ட்ரிபியூட்டர் பாடியோடு இணைக்கும் பின்னல் எர்த் வயரையும் இதே முறையில் பாருங்கள். சில ரூபாய் வயருக்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ், பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாகம்) இல்லாத வகையில் சுமார் 3 ஓம், உள்ள வகையில் சுமார் 1.5 ஓம். குளிர்ந்தபோது சரியாகக் காட்டி, சூடேறியதும் கைவிடும் காயில் நிறைய உண்டு. குறை வரும் சூட்டிலேயே அளப்பதுதான் பயன். கண்டென்சரை வீட்டில் சோதிப்பது கடினம். பாயிண்ட் சீக்கிரமே நீலம் பாய்ந்து கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள். பழையது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கி எறியாமல் டேஷ்போர்டில் வையுங்கள். கடையில் கிடைக்கும் புதிய கண்டென்சர்களின் தரம் சீராக இல்லை.

6. டைமிங்: பாயிண்டுக்குப் பிறகு மட்டும்

பாயிண்ட் இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும். குறைத்தால் பின்னே போகும். அதனால் டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் இரண்டு வேலையும் வீண்.

டைமிங் மார்க் ஃப்ளைவீலில் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் மேலிருக்கும் ரப்பர் மூடியை எடுத்தால் தெரியும். அந்த மூடி காணாமல் போன வண்டிகளில் சேறு படிந்திருக்கும். துடைத்து, மார்க்கில் சாக்பீஸ் தடவுங்கள். மேனுவல் சொல்லும் டிகிரியில், சொல்லும் ஐட்லிங் வேகத்தில் வையுங்கள். ஐட்லிங் அதிகமாக இருக்கும்போது டைமிங் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப விரியும் எடைகள் விரிந்து அட்வான்ஸ் சேர்ந்துவிடும்.

டைமிங் லைட் இல்லாவிட்டால் டெஸ்ட் லேம்பை, காயிலில் பாயிண்டுக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டுங்கள். மார்க்கைப் பொருத்தி, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் லேம்ப் எரியும். அங்கே இறுக்குங்கள். இது தொடக்க அளவுதான், ஆனால் காதால் கேட்டு வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

டைமிங் வைத்தபின் வாக்குவம் ஹோஸை உறிஞ்சினாலோ, ஆக்சிலரேட்டரைக் கூட்டினாலோ மார்க் நகர்வதை லைட்டில் பாருங்கள். நகராவிட்டால் உள்ளிருக்கும் எடைகளோ ஸ்ப்ரிங்கோ சிக்கியிருக்கின்றன. பிக்கப்புக்காக அளவைத் தாண்டி அட்வான்ஸ் வைக்க வேண்டாம். மேட்டில் டக் டக்கென்று இன்ஜின் தட்டும் சத்தம் கேட்டால் பிஸ்டன் அடி வாங்குகிறது.

7. காற்றுக் கசிவு

கார்புரேட்டருக்குக் கீழே எங்கிருந்து காற்று உள்ளே போனாலும் கலவை மெலியும். ஐட்லிங்கில்தான் உறிஞ்சும் சக்தி அதிகம். அதனால் ஐட்லிங் நடுக்கமும், மிதித்த கணத்தில் தொய்வும் சேர்ந்து வரும்.

இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வாக்குவம் ஹோஸையும் பிளேயரால், துணி சுற்றி, நசுக்கிப் பிடியுங்கள். ஒன்றை நசுக்கும்போது ஐட்லிங் தெளிவாக மாறினால் அந்த வழியில் கசிவு. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் ஹோஸையும் விடாதீர்கள். பிறகு கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டிலும் மேனிஃபோல்ட் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) விளிம்பிலும் தண்ணீரை மெல்லிய சாரலாக அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறும் இடம் கசியும் இடம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் நான் வேண்டாம் என்பேன்.

கசிகிறது என்று நட்டுகளை ஒரேயடியாக முறுக்கினால் கார்புரேட்டரின் அடித்தளம் வளையும், கசிவு நிரந்தரமாகும். புதிய கேஸ்கெட் போட்டு, எதிரெதிர் நட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

வாக்குவம் கேஜ் இருந்தால் ஐட்லிங்கில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். ஊட்டி போன்ற உயரத்தில் இதைவிட ஆறேழு அங்குலம் குறைவாகவே காட்டும், அது குறையல்ல.

8. பெட்ரோல் வரத்தும் எத்தனாலும்

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மாருதிக்கு இது மூன்று விதத்தில் சிக்கல். பழைய ரப்பர் ஹோஸ்களும் டயஃப்ரம்களும் உப்பி, விரிசல் விடும். டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கு கரைந்து ஃபில்டருக்கு வரும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அடியில் பிரிந்து, டேங்க் துருப்பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் வரும் அளவுத் துளை) பழைய பெட்ரோலுக்கென அளந்தது. அதே ஜெட்டில் இன்று ஓடும் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துபோகிறது. முன்பு சமாளித்த சிறு காற்றுக் கசிவு இப்போது திணறலாக வெளிப்படுவதற்கு இதுவே காரணம். கசிவுகளை ஒழுங்காக அடைத்தாலே பெரும்பாலும் போதும்.

சோதனைக்கு வருவோம். காயில் வயரைப் பிரித்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடியுங்கள். பம்ப் சீராக, பலமாக, துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால், பம்பைக் குறை சொல்லும் முன் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு டேங்க் முதல் பம்ப் வரையுள்ள ஹோஸ்கள். இந்தப் பக்கம் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லை என்பதால் இதைத் தவற விடுகிறார்கள்.

நெடுஞ்சாலையில் சக்தி வடியும்போது நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், அதன்பின் வண்டி சரியாக ஓடினால், டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது.

ஹோஸ் மாற்றும்போது எத்தனாலுக்கு ஏற்ற பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் டியூபை மாட்டுவது தீவிபத்துக்கு வழி.

9. கார்புரேட்டர்

இதுவரை எல்லாம் சரியென்றால் இப்போது இங்கே வரலாம். இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி திராட்டிலைச் சட்டென்று திறங்கள். முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். திறந்த அதே கணத்தில் பெட்ரோல் ஒரு கோடாகப் பீய்ச்ச வேண்டும். தாமதமாக வந்தால், வளைந்து சுவரில் வழிந்தால், வரவே இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் பம்பையோ அதன் நாசிலையோ சுத்தம் செய்ய வேண்டும், அல்லது சர்வீஸ் கிட் போட வேண்டும்.

சோக் கைப்பிடியை உள்ளே தள்ளியதும் சோக் தகடு நேராக நிமிர்கிறதா என்று பாருங்கள். கேபிள் பாதியில் சிக்கி, எப்போதும் அரை சோக்கில் ஓடும் வண்டிகள் உண்டு. சாவியைப் போடும்போது ஐட்லிங் சோலனாய்டு (ஐட்லிங் பெட்ரோல் வழியைத் திறக்கும் மின்வால்வு) டிக்கென்று ஒலிக்க வேண்டும். மிதவை அறையில் கண்ணாடிச் சாளரம் இருந்தால் பெட்ரோல் மட்டம் குறியில் நிற்கிறதா பாருங்கள். இரண்டாவது பாரலின் (அதிகம் மிதிக்கும்போது திறக்கும் இரண்டாம் காற்றுக்குழாய்) தகடு விரலால் தள்ளினால் தடையின்றித் திறந்து மூட வேண்டும்.

ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை விரிந்துவிட்டால் மைலேஜ் போய்விடும், திரும்ப வராது. கிளீனரும் காற்றும் போதும். தேவைப்பட்டால் நைலான் இழை.

மிக்சரை, முழுச் சூட்டில், ஏர் ஃபில்டரை மாட்டிய நிலையில் வையுங்கள். முதலில் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அடியில் இறுக்கினால் ஊசி முனையில் வளையம் பதிந்துவிடும். பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இன்ஜின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைத் தேடி, ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, மறுபடி மிக்சர் என மாறி மாறி வையுங்கள். இந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கும் அதை ஒட்டிய சிறு திறப்புக்கும் மட்டும்தான். 60 கி.மீ. வேகத்தில் வரும் குறையை இதைத் திருகித் தீர்க்க முடியாது.

10. என்ன வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

சோதனை முடிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில் பிளக், பாயிண்ட், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் ஹோஸ்கள், டேப்பட் கவர் கேஸ்கெட் ஆகியவற்றை யோசிக்காமல் வாங்கலாம். டைமிங் பெல்ட் மாற்றிய விவரம் இல்லையென்றால் அதையும் சேருங்கள். கேப், ரோட்டர், வயர் செட், காயில், கார்புரேட்டர் கிட் ஆகியவை சோதனையில் தோற்றால் மட்டும்.

டேப்பட்டும் கம்ப்ரஷனும் ஒரு நாள், இக்னிஷனும் டைமிங்கும் ஒரு நாள், பெட்ரோல் பக்கம் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்க முடியும்.

11. ஓட்டிப் பார்த்து, புகை அளந்து, மறுபடி ஒருமுறை

முதலில் குறையை எழுதிய அதே சாலையில், அதே கியரில், அதே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். அதன்பின் புகைப் பரிசோதனைக்குப் போங்கள். சான்றிதழோடு கருவி காட்டும் எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாரத் ஸ்டேஜ் 2 (புகை வரம்பு விதி) வருவதற்கு முந்தைய நான்கு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை அனுமதி. நமக்கு அனுமதியைவிட எண்களின் சேர்க்கை முக்கியம். கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகமென்றால் பெட்ரோல் கூடுதல். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால் எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது: எங்கோ பிளக் மிஸ் அடிக்கிறது, அல்லது கலவை மிக மெலிந்திருக்கிறது. 5ஆம், 7ஆம் பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

புதிய பாயிண்டின் குதிகால் கேமில் உராய்ந்து பதியும்போது இடைவெளி கொஞ்சம் குறையும். கூடவே டைமிங்கும் பின்தங்கும். 500 கி.மீ. ஓடியதும் பாயிண்டை ஒருமுறை அளந்து, மேனுவல் அளவுக்குக் கொண்டுவந்து, டைமிங்கையும் லைட் பிடித்துப் பார்த்துவிட்டால் இந்தச் சுற்று வேலை முடிந்தது.